சுருதியைக் காப்பது முள்ளா, செவியா?

சுருதி மாதா, லயம் பிதா என்பது ஆன்றோர் வாக்கு. இறைவன் திருமுன்னர் எழும் நாதம் சுருதி பிசகாதிருத்தல் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. அச்சுருதியைக் காக்கும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பது என்பதே ஆலயப் பொறுப்பாளர்கள் இன்று ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய ஒன்றாகும்.

சுருதியை அளக்கும் கருவி நேற்று வந்ததன்று. 1936-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கான் நிறுவனம் ‘ஸ்ட்ரோபோகான்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. எனினும் அது கையில் ஏந்த இயலாத பாரமுடையது. 1975-ஆம் ஆண்டில் ஜப்பானின் கோர்க் நிறுவனம் வெளியிட்ட ‘டபிள்யூடி-10’ என்னும் கையடக்கக் கருவியே அந்நிலையை மாற்றியது. ஒலியைக் கேட்டதும் அதன் முள் நகரும். நடுவில் நின்றால் சுருதி சரி. இடப்புறம் சாய்ந்தால் குறைவு. வலப்புறம் சாய்ந்தால் மிகுதி. அத்தகைய பழைய முள் கருவிகளை இன்றும் பேணிப் பயன்படுத்துவோர் உளர். வயலின் தந்தியைச் சேர்ப்பதற்கும், ஆர்மோனியம் வாங்குமுன் சோதிப்பதற்கும் அவை பெரிதும் துணைபுரிகின்றன. இதனை மறுப்பது நன்றியன்று.

ஆயினும் முள் காட்டுவதெல்லாம் வேதவாக்கு என்று கொள்ளுதல் தவறு. அக்கருவி ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாகப் பிரிக்கின்றது. ஒவ்வொரு பங்கும் 100 சென்ட் அளவுடையது. அக்கணக்கின்படி அந்தர காந்தாரம் 400 சென்டில் நிற்றல் வேண்டும். நன்கு சேர்த்த தம்புராவில் தானே எழும் அந்தர காந்தாரமோ ஏறத்தாழ 386 சென்ட் ஆகும். அதாவது, செவிக்கு இனிமையாய் ஒலிக்கும் சுவரத்தை முள் ‘குறைவு’ என்று காட்டும். கமகத்தோடு பாடும்போது முள் ஓரிடத்திலும் நில்லாது. தேவார வகுப்பில் பயிலும் சிறுவர் முள்ளை நோக்கியே பாடப் பழகினால், செவி எங்ஙனம் கூர்மை பெறும்?

இதனினும் கவலைக்குரியது ஒத்துக் கலைஞரின் நிலை. நாதசுரத்திற்கு ஆதார சுருதி தருவது ஒத்து. அதன் இடத்தில் மின் சுருதிப்பெட்டியை வைத்துவிட்டால் ஒருவருக்குரிய சம்பளம் மிச்சமாகும் என்று திருவிழாச் செலவினத்தைக் கணக்கிடுவோர் கருதக்கூடும். ஆனால் குழல் கருவியின் உள்ளே காற்று சூடேற ஏற அதன் சுருதியும் சிறிது உயரும். சுவாமி புறப்பாட்டில் நீண்ட நேரம் வாசிக்கும்போது இவ்வேறுபாடு புலப்படும். பெட்டி வைத்த இடத்திலேயே நிற்கும். ஒத்து ஊதுபவரோ நாதசுரக் கலைஞரின் மூச்சைக் கேட்டுத் தம் மூச்சைச் சரிசெய்துகொண்டே உடன் நடப்பார். சில வெள்ளியை மிச்சப்படுத்தப் போய் ஒரு கலையை இழந்துவிட்டால், பின்னர் எத்தனை வெள்ளி கொடுத்தாலும் அது மீளாது.

திருத்தருமபுரத்தில் திருஞானசம்பந்தர் பாடிய யாழ்மூரிப் பதிகம் யாழில் அடங்காதபோது, திருநீலகண்ட யாழ்ப்பாணர் அந்த யாழையே உடைக்க முற்பட்டார். சம்பந்தர் அவரைத் தடுத்து, கருவியில் இயன்ற அளவு வாசிக்கப் பணித்தார் என்பது வரலாறு. கருவியை வெறுக்கவும் வேண்டா. அதனிடம் அனைத்தையும் ஒப்படைக்கவும் வேண்டா என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க பாடமாகும்.

ஆகவே ஆலய நிர்வாகத்தினர் வரும் திருவிழாக்களில் ஒத்துக் கலைஞருக்கும் உரிய இடமளித்தல் வேண்டும். உபயகாரர்கள் அதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். தேவார வகுப்புகளில் முதல் சில நிமிடங்கள் சுருதியைக் கேட்டு, கண் மூடி, சட்ஜ பஞ்சமத்தில் குரலை நிறுத்தும் பயிற்சி நடைபெறுதல் நலம். அளவுகோலாக முள் இருக்கட்டும். தீர்ப்புக் கூறுவது செவியாகவே இருக்கட்டும்.