விதைப்பது அவள் கை. பட்டா எவர் கையில்?



உழவர் யார் என்று ஒரு குழந்தையைக் கேட்டுப் பாருங்கள். தோளிலே கலப்பை, தலையிலே முண்டாசு, பக்கத்திலே இரு காளைகள்! இப்படி ஓர் ஆடவனைத்தான் அது வரைந்து காட்டும். குழந்தைமீது குற்றமில்லை. பாடநூல் காட்டிய படம் அது. அரசின் பதிவேடு காட்டும் படமும் அதுவே.

வயலிலே இறங்கிப் பாருங்கள். நாற்றுப் பறிப்பவள் பெண், நடுபவள் பெண், களையெடுப்பவள், கதிரறுப்பவள், அடுத்த பருவத்துக்கான விதையைச் சாம்பலிலே புரட்டிப் பானையிலே காப்பவள், அத்தனை பேரும் பெண்கள். இந்தியச் சிற்றூர்களில் பணிபுரியும் பெண்களில் நூற்றுக்கு 76 பேருக்கு மேல் வேளாண்மையில்தான் இருக்கின்றனர் என்றது 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பு. சாகுபடி நிலங்களை நடத்துவோரில் பெண்கள் நூற்றுக்கு 14 பேர்தாம் என்றது 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பு! வியர்வை அவளுடையது, பெயர் பிறருடையது.

இன்று எங்கும் இயற்கை வேளாண்மை என்ற முழக்கம் கேட்கிறது. 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அதற்கென 2,481 கோடி ரூபாயில் இயக்கம் ஒன்றை அறிவித்தது. வரவேற்கிறோம். உரத்துக்கும் மருந்துக்கும் கடன்பட்டு நொந்த சிறு உழவனுக்கு அது நல்வழியே. ஆனால் ஒன்றைக் கேட்க வேண்டும். களைக்கொல்லியை நிறுத்திவிட்டால் களை தானே மடிந்துவிடுமா? குனிந்து பறிக்க ஒருத்தி வேண்டும். சாணத்தைச் சுமந்து, கரைசலைக் கலக்கி, நாள்தோறும் கிளறிவிட ஒருத்தி வேண்டும். கடைக்குச் சென்ற பணம் மிச்சமாகிறது. அந்த மிச்சம் அவளுடைய முதுகிலிருந்து எடுக்கப்படுகிறது. உரிமை தராமல் உழைப்பை மட்டும் கேட்டால், அது இயற்கை வேளாண்மை அல்ல. பழைய சுமைக்குப் பசுமைப் போர்வை!

உரிமையோடு செய்தால் என்னவாகும்? தெலங்கானாவின் சாகீராபாத் வட்டாரத்தைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி. 1983இல் தொடங்கப்பட்ட டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டியின் துணையோடு, அங்கே தாழ்த்தப்பட்ட மக்களில் ஏழைப் பெண்கள் ஊர்தோறும் சங்கம் கண்டனர். எவரும் வேண்டாத மேட்டு நிலத்தில் சோளம், துவரை, திணை, சாமை, எள், அவரை என்று ஒரே வயலில் பத்துக்கு மேற்பட்ட பயிர்களைக் கலந்து விதைத்தனர். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று கஞ்சி வார்க்கும். துவரையின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்கும். மந்திரமல்ல தோழர்களே, அறிவியல்! விதையைத் தங்கள் வங்கியிலேயே காத்தனர். 1990களில் தரிசைத் திருத்தி, விளைந்த சோளத்தைச் சங்கக் களஞ்சியத்தில் சேர்த்து, ஊரிலே வறியவர் யாரென்று தாங்களே தேர்ந்து, மலிவு விலையில் பங்கிட்டனர். 2008இல் மாச்சனூரில் தங்களுக்கென ஒரு வானொலியும் கண்டனர். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களைத் தேடி வந்தது. இத்தனைக்கும் காரணம் என்ன? விதையும் விளைச்சலும் முடிவும் அவர்கள் கையில் இருந்தன!

'பட்டா எவர் பெயரில் இருந்தாலென்ன, குடும்பம் ஒன்றுதானே?' என்பர் சிலர். மண் வளம் ஒரு பருவத்தில் வருவதல்ல. மட்கும் தழையும் மண்ணோடு மண்ணாகி அதைப் பொலபொலப்பாக்கப் பல ஆண்டுகள் ஆகும். அடுத்த ஆண்டு இந்த வயல் தன்னிடம் இருக்குமா என்று அறியாதவள், எந்த நம்பிக்கையில் அதற்குத் தழை சுமப்பாள்? கணவன் மறைந்ததும் கொழுந்தன் வந்து வரப்பிலே நின்றால் அவள் எதைக் காட்டுவாள்? ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் ஒன்றிய அரசின் உழவர் உதவித் திட்டமும், நிலம் எவர் பெயரில் என்றே கேட்கிறது. உழுதவர் யார் என்று கேட்பதில்லை.

இந்த அநீதியை நாம் இன்றா கண்டோம்? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றது. ஆந்திரம் 1986இலும், கலைஞர் அரசு 1989இலும் மகளுக்குப் பங்குண்டு எனச் சட்டம் செய்தன. 2005இல் இந்தியா முழுமைக்கும் அது வந்தது. ஆயினும் பெண் உழவர் உரிமைக்கென எம்.எஸ். சுவாமிநாதன் 2012இல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2013இல் காலாவதியாயிற்று.

சட்டம் வந்தும் நிலம் வரவில்லையே, ஏன்? அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பிக்கு எழுதித் தரும் பத்திரத்தைப் பாருங்கள். அதன் பெயர் விடுதலைப் பத்திரமாம்! யாருக்கு விடுதலை? தன் பங்கிலிருந்து அவளுக்கு விடுதலை! சீர் செய்தோம், நகை போட்டோம் என்று சொல்லி, சார்பதிவாளர் அலுவலகத்தில் அவளிடம் கையொப்பம் வாங்குகிறோம். மேடையிலே சமத்துவம், பத்திரத்திலே பழைய மனு என்றால், ஊரார் நம்மை நம்புவரா?

ஆகவே தோழர்களே, முதலில் நம் வீட்டிலிருந்து தொடங்குவோம். உடன்பிறந்தவளின் பங்கை அவளுக்கே பிரித்துக் கொடுங்கள். வாழ்க்கைத் துணைவியின் பெயரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவுக்கு மனு எழுதுங்கள். அடுத்த கிராம சபையில், நம் ஊரில் நிலத்தில் பாடுபடும் பெண்களின் பெயர்களை உழவர் என்றே பதிவு செய்யத் தீர்மானம் கொண்டுவாருங்கள். தரிசு நிலத்தை மகளிர் குழுக்களுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கேளுங்கள். இயற்கை வேளாண்மைக்கு ஒதுக்கும் பணத்தில் களைக்கும் கரைசலுக்கும் கூலி வேண்டும் என்று வாதாடுங்கள்.

2026ஐப் பெண் உழவர் ஆண்டு என்று ஐ.நா. பேரவை அறிவித்தது. விழா எடுப்பது எளிது. பெயர் எழுதுவதே கடினம். அந்தக் கடினமான வேலைதான் நம்முடையது. நிலத்தைக் காப்பவளுக்கு நிலம் சொந்தமாகட்டும். அப்போதுதான் மண்ணும் பிழைக்கும், மக்களும் பிழைப்பர்!