பெர்டானாவின் புது முகம்

நம்மவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் காடியில்தான் வந்து நிற்கும். கல்யாண வீடு, கருமாதி வீடு, கோயில் திருவிழா என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. நெகிரி செம்பிலானில், பகாவ் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். தமிழ்ப்பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொல் 'மகிழுந்து'. கட்டுரையில் அதை எழுதாவிட்டால் புள்ளி குறையும். லயத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே அது காடிதான். இந்தக் கட்டுரையிலும் காடி என்றே எழுதுகிறேன். கழகத்து நண்பர்கள் பொறுத்தருள்க.

பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு ஒன்றைக் கவனிக்கிறேன். படித்த நம் நண்பர்கள் இந்தக் காடிப் பேச்சை வெட்டிப்பேச்சு என்கிறார்கள். "நம் சமுதாயம் இதனால்தான் முன்னேறவில்லை" என்று சொற்போர் மேடையில் ஒருவர் முழங்கியதும் நினைவிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டத்துப் பையன்கள் ஒரு காடியின் அழகைப் பற்றி வாதிடும்போது வெளிப்படும் கூர்மை நம் மேடைகள் பலவற்றில் இல்லை. ஆனால் அந்த வாதத்தில் ஒரு குறையும் உண்டு. அதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

2016 ஜூன் 14 அன்று புதிய புரோட்டோன் பெர்டானா பொதுமக்களுக்கு அறிமுகமானது. நான் தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்த ஆண்டு அது. பெர்டானா என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1995இல் வந்த முதல் பெர்டானா, உள்ளே மிட்சுபிஷி எத்தெர்னா. பிறகு வி6 இயந்திரம் வந்தது. 2003இல் முகத்தை மாற்றினார்கள். முன்கிராதியைப் பார்த்தால் இத்தாலிய அல்ஃபா ரோமியோ ஞாபகம் வரும். அமைச்சர்களும் உயரதிகாரிகளும் அதில்தான் வலம்வந்தார்கள். 2008இல் திரெங்கானு மாநில அரசு, பெர்டானாவின் பராமரிப்புச் செலவு தாங்கவில்லை என்று 14 மெர்சிடிஸ் காடிகளை வாங்கியதும், அதனால் நாடு முழுவதும் எழுந்த சர்ச்சையும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 2010இல் அந்தப் பழைய பெர்டானா நின்றது. 2013 கடைசியில் அரசாங்கத்துக்கு மட்டும் ஒரு புதிய பெர்டானா வந்தது. உண்மையில் அது புரோட்டோன் சின்னம் குத்திய எட்டாம் தலைமுறை ஹோண்டா அக்கோர்ட். 2016இல் வந்தது அதே காடிதான். முன்னும் பின்னும் புரோட்டோன் வடிவமைப்பாளர்களின் கைவண்ணம். 2.0 லிட்டர் 113,888 வெள்ளி, 2.4 லிட்டர் 138,888 வெள்ளி.

அந்த வாரம் எங்கள் ஊர்ப் பட்டறைக்குப் பக்கத்து ஒட்டுக்கடையில் நடந்த வாதத்தை அப்பாவுக்குச் சாப்பாடு வாங்கப் போன இடத்தில் நின்று கேட்டேன். ஒரு கட்சி, "மூஞ்சியப் பாரு, கண்ணு சுருங்கி, பாயப் போற மாதிரி இருக்கு, இதான் ஸ்போர்ட்டி" என்றது. எதிர்க்கட்சி, "சட்டை புதுசு, ஆளு பழசு. கதவத் தொறந்தா 2008 அக்கோர்டுடா" என்றது. மூன்றாமவர் ஒருவர், "முன்னால கோவம், பின்னால தூக்கம்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத் தே தாரேக்கை முடித்துக்கொண்டு போனார். அந்தத் தீர்ப்பை இன்றுவரை என்னால் மறுக்க முடியவில்லை.

அவர்கள் பயன்படுத்திய சொற்களைப் பாருங்கள். மூஞ்சி, கண், கன்னம், இடுப்பு, முதுகு. காடி நிற்கிற தோரணைக்கு மட்டும் 'பதுங்கி நிக்குது', 'குந்திக்கிட்டு நிக்குது', 'நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது' என்று மூன்று விதம். நான் இப்போது இயந்திரப் பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன். வடிவமைப்பு வகுப்பில் விரிவுரையாளர் அரைமணி நேரம் விளக்கியதை அந்த ஒட்டுக்கடைத் தமிழ் அரை வாக்கியத்தில் சொல்லிவிடும். இந்த மாதிரி வாதம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 2001இல் பி.எம்.டபிள்யூ தன் 7 வரிசைக் காடியைப் புதுப்பித்தபோது கிறிஸ் பேங்கிள் என்ற வடிவமைப்புத் தலைவரை உலகமே திட்டித் தீர்த்தது. பின்பக்கப் பெட்டி மூடி, மேலே எடுத்துவைத்த மாதிரி இருக்கிறது என்பதுதான் குற்றம். சில ஆண்டுகளில் மற்றவர்களும் அதே பாணியைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பது வேறு கதை.

இனி குறைக்கு வருகிறேன். 'ஸ்போர்ட்டி' என்பதை இரண்டு கட்சியுமே முகத்தை வைத்து முடிவு செய்தன. "ஆளு பழசு" என்று கேலி செய்தவர்களும் அந்த ஆளின் கால்களைப் பார்க்கவில்லை. அந்த அக்கோர்டில் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு கைகள் பிடித்திருக்கும். வளைவில் காடி சாய்ந்தாலும் சக்கரம் அதிகம் சாயாது. டயர் தரையை நன்றாகப் பற்றும். செலவு கூடுதலான, இடம் பிடிக்கிற அமைப்பு அது. அடுத்த தலைமுறை அக்கோர்டில் ஹோண்டா முன்பக்கத்தில் அதை விட்டுவிட்டு, பெரும்பாலான காடிகளில் உள்ள எளிமையான அமைப்புக்குப் போய்விட்டது. அதாவது பழசு என்று பழிக்கப்பட்ட பெர்டானாவுக்கு, ஓட்டம் என்று பார்த்தால், புதிய அக்கோர்டைவிட நல்ல கால்கள் இருந்தன! பட்டறை அண்ணன் ஒருவர் மட்டும் அன்று, "மொதல்ல கீழ குனிஞ்சி பாருங்கடா" என்றார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவர் சொன்னது எதைப் பற்றி என்று எனக்கும் பல ஆண்டுகள் கழித்துப் பாடப் புத்தகத்தில் படம் பார்த்தபோதுதான் விளங்கியது.

அதற்காகப் பெர்டானா பந்தயக் காடி என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்றரை டன் அளவு எடை, முன்சக்கர இழுவை, ஐந்து கியர் ஆட்டோ. சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகும் பழைய புக்கிட் புத்துஸ் பாதை நம்மில் பலருக்குத் தெரியும். குமட்டல் வராமல் அதைக் கடந்தவர்கள் குறைவு. அந்த வளைவுகளில் இந்தக் காடி பிடிமானத்தோடு போகும். ஆனால் ஓட்டுபவரை உசுப்பேற்றாது. நெடுஞ்சாலையில் நாலு பேர் களைப்பில்லாமல் போவதற்கான காடி அது. அதன் முகத்தில் வரைந்திருந்த கோபம் பொய். அந்தப் பொய்யைத்தான் ஒரு கட்சி பாராட்டியது, மறு கட்சி ஏசியது.

ஏன் நாம் எப்போதும் முகத்தைப் பற்றியே பேசுகிறோம்? நான் யோசித்துப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. தோட்டத்தில் காடி என்பது மூன்று தலைமுறையாக வெளியே நின்று பார்க்கிற பொருள். தாத்தா காலத்தில் துரையின் காடி செம்மண் சாலையில் வந்தால் சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி நிற்க வேண்டும் என்று பாட்டி சொல்வார். புழுதி அடங்கும்வரை கண்ணைத் திறக்க முடியாதாம். ஆனாலும் என்ன காடி, என்ன நிறம் என்று பாட்டிக்கு இன்றும் தெரியும். நான் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் பிரமுகர்கள் வந்தால் கூடாரத்துக்குப் பக்கத்தில் கறுப்புப் பெர்டானா வந்து நிற்கும். கையில் கொடியோடு வரிசையில் நிற்கும் எங்களுக்கு அதன் விளக்கும் கிராதியும் மனப்பாடம். இருக்கை எப்படியிருக்கும், உள்ளே சத்தம் கேட்குமா என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே நின்றே பழகியவர்கள் வெளியே தெரிவதைப் பற்றித்தானே பேசுவார்கள்?

சொந்தக் காடி வாங்கும்போதும் இந்தப் பழக்கம் கூடவே வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.0 பெர்டானாவுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை ஒன்பது ஆண்டுத் தவணையில் போட்டால், வட்டியைச் சேர்க்காமலேயே மாதம் ஏறக்குறைய 950 வெள்ளி. 2016 ஜூலையில் தீபகற்பத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 வெள்ளி. ஆகவே எங்கள் பக்கத்தில் யாரும் புதிதாக வாங்கவில்லை. விலை இறங்கிய பழைய வி6 பெர்டானாதான் லயத்துக்கு வந்தது. வந்தவுடன் பின்னால் இறக்கை, பக்கவாட்டில் பாவாடை, கீழே இறக்கிய ஸ்பிரிங். பிரேக்கும் டயரும் கடைசி. மழைக்காலத்தில் தேய்ந்த டயரோடு ஓர் இறக்கை என்ன செய்யும்? இறக்கைக்குக் கொடுத்த பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கலாம் என்று சொன்னால், "பொம்பளப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று பதில் வரும்.

பொம்பளப் பிள்ளை என்றதும் இன்னொன்று. 2020இல் இங்கே வந்த பத்தாம் தலைமுறை அக்கோர்டின் கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும். "கூப்பே மாதிரி, செம ஸ்போர்ட்டி" என்று பையன்கள் கொண்டாடினார்கள். பார்க்க அழகுதான். 1.5 லிட்டர் டர்போ 201 குதிரைத்திறன் தருகிறது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பின்னிருக்கையில் ஏறப்போவது யார்? முட்டி வலிக்கிற அம்மாவும் கொண்டை போட்ட பாட்டியும். கூரை சரிந்தால் தலை குனிய வேண்டும். காடியின் அழகைப் பற்றி நான் கேட்ட எந்த வாதத்திலும் அவர்களுக்கு ஓட்டு இருந்ததில்லை.

முகத்தைத் தாண்டி உள்ளே போனவர்களும் நம்மிடையே உண்டு. பழைய பெர்டானாவுக்குள் மிட்சுபிஷி கெலண்ட் வி.ஆர்.4-இன் டர்போ இயந்திரத்தை இறக்குவது மலேசியாவில் பெயர்பெற்ற வேலை. ஜப்பானில் பாதியாக அறுத்து இங்கே கொண்டுவரும் 'ஹாஃப்-கட்' காடியிலிருந்து இயந்திரம், கியர்பெட்டி, ஒயர்க்கட்டு எல்லாவற்றையும் கழற்றி ஏற்றுவார்கள். வெளியே பார்த்தால் அதே அமைச்சர் காடி. உள்ளே வேறு ஆள். குனிந்து பார்க்கச் சொன்ன அண்ணன் அந்த வேலைதான் செய்கிறார். 4ஜி63, 6ஏ12, கே24 என்று அவர் ஒப்பிக்கும்போது எனக்கு வாய்ப்பாடு நினைவுக்கு வரும். சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று சொல்வார். இயந்திரம் பெரிதானால் முதலில் பிரேக்கைப் பெரிதாக்கு, அப்புறம் ஜே.பி.ஜே.யில் பதிவு செய், இல்லையென்றால் என் பட்டறைக்கு வராதே என்பது அவருடைய சட்டம். 2002இல் நம் நாட்டின் கரம்ஜிட் சிங் உற்பத்திக் காடிகளுக்கான உலக ரேலிப் பிரிவில் வெற்றியாளரானது புரோட்டோன் பெர்ட்டில். அதுவும் உள்ளே மிட்சுபிஷிதான். 2005இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் சிப்பாங்கில் பார்முலா ஒன் ஓட்டினார். உள்ளே உட்கார்ந்து காடியின் குறையைச் சொல்கிற இடத்துக்குத் தமிழரும் போகலாம் என்று அண்ணன் அடிக்கடி சொல்வது அவரை வைத்துத்தான்.

அந்த அண்ணனிடம் ஒரு சான்றிதழும் இல்லை. படிவம் மூன்றோடு நின்றவர். புதிதாக வருகிற பையன், சான்றிதழ் வைத்திருக்கும் ஒரே காரணத்தால், அவரைவிடக் கூடுதல் சம்பளம் வாங்குகிறான்; வேலையை இவரிடம்தான் கேட்டுக் கற்றுக்கொள்கிறான். இங்கேதான் காடிப் பேச்சை வெட்டிப்பேச்சு என்கிறவர்களோடு எனக்குச் சண்டை. அவர் பேசுவது அறிவு. அதை யாரும் எழுதிவைக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிவைக்க வழி இருக்கிறது என்பது நம்மில் பலருக்கே தெரியாது. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழை வகுப்பில் உட்காராமலும் பெறலாம். வேலை அனுபவம் உள்ளவர்களுக்கு பி.பி.தி. என்ற முன்அனுபவ அங்கீகார முறை இருக்கிறது. செய்த வேலைகளின் படங்கள், விளக்கங்கள், முதலாளியின் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பாகத் தொகுத்து மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். பட்டறை அண்ணன்மாருக்கு வேலை கடினமில்லை, கோப்புதான் கடினம். ஒரு கியர்பெட்டியை இரண்டு மணி நேரத்தில் இறக்குகிறவர், அதை எப்படி இறக்கினேன் என்று மலாயில் அரைப் பக்கம் எழுதச் சொன்னால் வேர்த்துப் போகிறார். பொறியியல் படிக்கும் நமக்கு அந்த அரைப் பக்கம் பத்து நிமிட வேலை.

கடந்த தீபாவளி விடுமுறையில் அண்ணனின் கோப்பைத் தொடங்கினோம். பாதி முடிந்திருக்கிறது. முதல் பக்கத்துக்கு அவர் கொடுத்த படம் ஒரு பெர்டானாவின் அடிப்பகுதி. முன்சக்கரத்தின் இரண்டு கைகளும் தெளிவாகத் தெரிகின்றன. அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அடுத்த பருவ விடுமுறையில் பகாவுக்கு வந்து எழுத உதவ விரும்புகிறவர்கள் கழகத்தில் என்னிடம் பெயர் கொடுங்கள். தங்குவதற்கு எங்கள் வீடு இருக்கிறது, சாப்பாட்டுக்கு அம்மா இருக்கிறார். சொந்தக் காடியில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று: உங்கள் காடியின் பின்பக்கத்தைப் பற்றி ஒட்டுக்கடையில் என்ன சொல்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பல்ல.