இருக்கை கேட்டவர்கள் அடுத்துக் கேட்க வேண்டியது

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய பண்டகசாலைகளில் சுக்கைப் புடைத்துத் தரம் பிரிப்பவர்கள் பெண்கள். அவர்களில் நடுவயதைக் கடந்தவர்கள் பலர். சற்றுத் தள்ளி, வெளி பகுதியிலுள்ள தோபி கானாவில், தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த வண்ணார் குடும்பங்கள் இன்றும் துணி வெளுக்கின்றன. கரி போட்ட இஸ்திரிப் பெட்டியின் முன் நாள் முழுதும் நிற்கும் பெண்ணுக்கு வெளியிலிருந்து வரும் வெப்பம் போதாதென்று, ஒரு வயதில் உடலுக்குள்ளிருந்தும் வெப்பம் பொங்குகிறது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நிற்பது சராசரியாக 46, 47 வயதில்; மேலை நாடுகளில் 51 என்கிறார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே உறக்கமின்மை, மூட்டுவலி, ஒழுங்கற்ற மிகுந்த உதிரப்போக்கு, அதனால் இரத்தசோகை எனத் தொல்லைகள் தொடங்கிவிடுகின்றன. மாதச் சம்பளக்காரருக்கு இது உடல் துன்பம். எடைக்குக் கூலி வாங்கும் இறால் உரிக்கும் பெண்ணுக்கோ கூலிக் குறைவும் கூட. பூப்புக்குச் சடங்கும் பந்தலும் வைத்த சமூகம் அதன் முடிவைப் பேச ஒரு நல்ல சொல்லைக்கூடப் புழக்கத்தில் வைக்கவில்லை. ‘நின்றுவிட்டது’ என்று எழுவாய் இல்லாமல் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இப்பொருள் இப்போது ஆங்கில நாளேடுகளில் அடிபடுகிறது. மாதவிடாய் நிறுத்தத்தின் தொல்லைகள் கடுமையாக நீடித்தால் அவை சட்டப்படி உடற்குறையாகக் கருதப்படலாம், பணியிடம் அதற்கேற்ப மாற வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் பிரிட்டனின் சமத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. நல்லதுதான். ஆனால் நம் நாட்டில் அது குளிரூட்டிய அலுவலகத்தின் மனிதவளத் துறை வாசலோடு நின்றுவிடும்.

வாசலுக்கு வெளியே நடப்பதை மராட்டியத்தின் பீட் மாவட்டம் காட்டியது. கரும்பு வெட்டக் கணவனும் மனைவியும் ஓர் அலகாக முன்பணத்துக்குப் பிணைக்கப்படுகிறார்கள்; ஒரு நாள் வராவிட்டால் தண்டம். மாதவிடாய்க்கு ஓய்வில்லை, வயலில் கழிப்பறையில்லை. எனவே கருப்பையையே எடுத்துவிடும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. 2019இல் மாநில அரசு அமைத்த குழுவின் கணக்கெடுப்பில், 82,309 பெண்களில் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தனர். சினைப்பைகளும் அகற்றப்பட்டவருக்கு முப்பது வயதிலேயே மாதவிடாய் நிறுத்தம். ஓய்வு மறுக்கப்படும் இடத்தில் உடல் வேலைக்கேற்ப வெட்டப்படுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மகப்பேறு, கருச்சிதைவு, கருத்தடை அறுவை ஆகியவற்றுக்கு விடுப்பு உண்டு. பிள்ளை பெறுவதோடு தொடர்புடைய உடலை மட்டுமே சட்டம் காண்கிறது. பிறகு இருபது ஆண்டு உழைக்கும் உடலை அது காணவில்லை.

கேரளத்துக்கு வேறு மரபும் உண்டு. மட்டாஞ்சேரிக்கு அருகிலுள்ள திருப்பூணித்துறைப் பெண்கள் பள்ளியில் 1912லேயே மாதவிடாய் விடுப்பு தரப்பட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் போராடியதன் பயனாக 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் அதைப் பின்பற்றியது. 2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாணவியருக்கு வருகைப்பதிவில் சலுகை தந்தது. அரசு அதை மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் விரித்தது. மாணவிக்குக் கிடைத்தது அவளுடைய தாய்க்குக் கிடைக்கவில்லை.

கட்டாய விடுப்பு பெண்களின் வேலை வாய்ப்பைக் கெடுக்கும் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாதவிடாய் விடுப்பு வழக்கில் கவலைப்பட்டது. இக்கவலையைக் கேலி செய்து ஒதுக்க முடியாது. செலவு தனித்தனி முதலாளியின் தலையில் விழுந்தால் அவர் நாற்பது கடந்தவரை வேலைக்கு வைக்கத் தயங்குவார். ஆகவே செலவைப் பொது நிதியில் சேர்க்க வேண்டும். கேரளத்தின் சுமைத் தொழிலாளர் நல வாரியம் அப்படித்தான் இயங்குகிறது. கூலி கொடுப்பவரெல்லாம் செலுத்தும் தொகையிலிருந்து பயன்கள் போகின்றன. சுக்குக் கிடங்குக்கும் இறால் கொட்டகைக்கும் அத்தகைய நிதி, எடைக் கூலி குறைந்தாலும் குறையாத நாட்கூலி, மருந்தகத்தில் பெண் மருத்துவர், தண்ணீரோடு கூடிய கழிப்பறை, மின்விசிறி, இடையிடையே ஓய்வு: கேட்க வேண்டியவை இவை.

கேட்பது யார் என்பதே சிக்கல். ஒப்பந்தக்காரர்கள் வீசியெறிந்த வேலைச் சீட்டுக்காகத் தொழிலாளர் முட்டி மோதிய ‘சாப்பா’ முறையை எதிர்த்து, 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்த ஊர் மட்டாஞ்சேரி. அத்தகைய ஊரின் தொழிற்சங்கக் கூட்டத்தில்கூட, ஆண்கள் நிறைந்த மேசை முன் ஒரு பெண் எழுந்து உதிரப்போக்கைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அடுத்த கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை எழுதி வைக்க வேண்டியவர் செயலாளர். அவர் ஆணாக இருந்தாலும்.