நசுங்கட்டும் வண்டி

எங்கள் சித்தப்பாவுக்கு மூன்று விலா எலும்பு முறிந்திருந்தது. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். மூச்சை இழுத்து விடவே அவருக்கு வலித்தது. வடமதுரையிலிருந்து பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பழப்பையை ஸ்டூலில் வைத்துவிட்டுக் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். “வண்டியப் பாத்துட்டுத்தான் வர்றோம். ஒண்ணுமே ஆகலையேப்பா! அந்தக் காலத்து இரும்புல்ல? புது வண்டியா இருந்தா அப்பளமா நொறுங்கியிருக்கும்.” சித்தப்பாவும் வலியோடு தலையாட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலில் பெருமை இருந்தது.

எரியோடு ரோட்டில் புளியமரத்தில் மோதிய கார் அது. வேகம் நாற்பதுதான் இருக்கும் என்றார். பம்பர் வளைந்தது, ஒரு ஹெட்லைட் போனது, பானெட்டில் ஒரு மடிப்பு விழுந்தது. அவ்வளவுதான். டிங்கரிங் பட்டறையில் இரண்டே நாளில் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சித்தப்பா பழையபடி குனிந்து நிமிர இரண்டு மாதம் ஆயிற்று. வண்டிக்கு இரண்டு நாள், ஆளுக்கு இரண்டு மாதம் என்கிற இந்தக் கணக்கு அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற ஒருவருக்கும் தப்பாகப் படவில்லை. அன்று எனக்கும் படவில்லை.

இன்று படுகிறது. ஒரு மாடலை நிறுத்திவிட்டு அதே பெயரில் புது மாடல் விடும்போதெல்லாம் கார் ஸ்டாண்டிலும் டீக்கடையிலும் நடக்கும் ஒப்பீட்டைக் கேட்டால் எரிச்சல் வருகிறது. மைலேஜைச் சொல்வார்கள், டச் ஸ்கிரீனைச் சொல்வார்கள், பின்சீட்டில் கால் நீட்ட இடம் கூடியிருப்பதையும் ஒத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து போய்ப் புது வண்டியின் பானெட்டைக் கட்டைவிரலால் அமுக்குவார். தகடு லேசாக உள்ளே போய் வெளியே வரும். “பாத்தியா, தகரம்! பழசு பழசுதான்.” அத்தோடு தீர்ப்பு முடிந்தது. சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிற பழக்கம் காருக்கும் வந்துவிட்டது. பானைக்கு அந்தச் சோதனை சரி. காருக்கு அது முழுத் தப்பு. இந்தத் தப்பு உயிரோடு விளையாடுகிற தப்பு.

வடமதுரை வட்டாரத்தில் கிணற்றைத் தெரியாதவர் கிடையாது. தண்ணீர் வற்றிய ஐம்பதடிக் கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தால் வயிறு கலங்கும். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் போகிற உடம்பும், அந்த ஐம்பதடியை விழுந்து முடித்துத் தரையைத் தொடப்போகிற உடம்பும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் இருக்கின்றன. நாலுவழிச் சாலையில் 64 என்பது யாரும் வேகமாகவே நினைக்காத வேகம். கிணற்றடியில் பாறை இருந்தால் விழுந்தவன் கதை முடிந்தது. அங்கே ஆளுயர வைக்கோல் கிடந்தால் உயிர் தங்க வழி உண்டு. வைக்கோல் அமுங்கும், சிதறும், மறுநாள் எதற்கும் உதவாது. ஆள் பிழைத்த பிறகு ‘இந்த வைக்கோலில் வலுவே இல்லை, அமுங்கிவிட்டது’ என்று யாராவது குறை சொல்வார்களா?

காரின் மூக்கு அந்த வைக்கோல்தான். அமுங்குவதற்கென்றே அதைச் செய்திருக்கிறார்கள். 64-ல் போகிற உடம்பு 10 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நிற்க வேண்டியிருந்தால் அது தாங்க வேண்டிய விசை உடம்பின் எடையைப் போல் 160 மடங்கு. முன்பக்கம் மடிந்து மடிந்து 60 சென்டிமீட்டர் தூரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தால் அந்த விசை ஆறில் ஒரு பங்காகிவிடும். பெல்ட் போட்ட மனிதன் தாங்கக்கூடிய எல்லைக்குள் அது வந்துவிடும். மெர்சிடிஸ் கம்பெனியின் பொறியாளர் பேலா பாரேனி இந்த யோசனைக்குக் காப்புரிமை கேட்டு எழுதியது 1951-ல். முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் ஆள் உட்காரும் அறை மட்டும் அசையக்கூடாது என்பது அவர் கண்ட வழி. 1959-ல் அப்படி ஒரு கார் விற்பனைக்கே வந்துவிட்டது. நம் அம்பாசிடர் சாலைக்கு வந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான். பாரேனியின் யோசனை அதில் இல்லை. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சான அந்த வண்டி, பெரிய மாற்றமில்லாமல் 2014 வரை உத்தர்பாராவில் தயாரானது.

சித்தப்பாவின் காரில் முன்பக்கம் மடங்காத குறையை அவருடைய நெஞ்சுதான் ஈடுகட்டியது. மரம் காரை நிறுத்தியது, ஸ்டியரிங் அவரை நிறுத்தியது. அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை. அந்தக் காரில் பெல்ட் சுருள் பிடித்துப்போய் வருஷக்கணக்காக இழுபடாமல் கிடந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

திண்டுக்கல் பூட்டு செய்கிற ஊர். 2019-ல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. பட்டறையில் உட்கார்ந்து பூட்டுக்கு அரம் போடுகிறவரிடம் போய், கனமான பூட்டுதான் நல்ல பூட்டா என்று கேட்டுப் பாருங்கள். உள்ளே எத்தனை லீவர், சாவியின் பல் எப்படி வெட்டியிருக்கிறது என்றுதான் பேச்சை எடுப்பார். வெளிக்கூட்டின் கனம் பார்வைக்கு. பூட்டின் காவல் உள்ளே இருக்கிறது. இந்த ஊர்க்காரர்களான நாம் காரைப் பார்க்கும்போது மட்டும் வெளித் தகட்டை அமுக்கிப் பார்த்து முடிவு கட்டுகிறோம். பானெட் தகடு காரின் தோல். அது தடித்திருந்தாலும் மெலிந்திருந்தாலும் மோதலில் ஆளைக் காப்பது அது இல்லை. கண்ணாடிக்கு இருபுறமும் ஏறுகிற தூண்கள், கதவுக்கு நடுத்தூண், கதவடியில் ஓடும் படிச்சட்டம், கூரை ஓரம், இவைதான் கூண்டு. புது மாடல்களில் இந்த இடங்களுக்குப் போரான் கலந்த எஃகைச் சிவக்கக் காய்ச்சி அச்சில் அழுத்தி எடுத்துப் போடுகிறார்கள். பழைய வண்டியின் சாதா இரும்புத் தகட்டைவிட அது நாலைந்து மடங்கு வலு. வெளியே தெரியாது. எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டாது.

‘அந்தக் காலத்து வண்டி கனம்’ என்பதும் அரைகுறைப் பேச்சு. அம்பாசிடரின் எடை 1,100 கிலோவைச் சுற்றித்தான். இன்றைய டாடா நெக்ஸான் 1,200 கிலோவை ஒட்டி நிற்கிறது. லாரியும் காரும் மோதினால் எடைக்கு மதிப்பு உண்டுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எடை பழைய வண்டியின் தனிச்சொத்து அல்லவே.

வாதம் வேண்டாம், மோதவிட்டே பார்ப்போம் என்று செய்து பார்த்திருக்கிறார்கள். 2009-ல் அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு தன் ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்கு 1959-ம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏரையும் 2009-ம் வருஷத்து ஷெவர்லே மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏர் என்றால் படகு மாதிரி நீளம், தகடெல்லாம் பழைய இரும்பு. மோதிய கணத்தில் அதன் கதவு பிதுங்கியது, கூரை மடங்கியது, டேஷ்போர்டு ஓட்டுநர் பொம்மையின் மேலேயே வந்து விழுந்தது. அதில் மனிதன் இருந்திருந்தால் செத்திருப்பான். மாலிபுவின் மூக்கு முழுக்கப் போனது. அதன் கண்ணாடித் தூண் கோணவில்லை. அதிலிருந்த பொம்மைக்குக் காலில் சிறு காயம் என்று கணித்தார்கள்.

அது ஐம்பது வருஷ இடைவெளி என்பீர்கள். 2017-ல் ஆஸ்திரேலியாவில் ஒரே பெயருள்ள இரண்டு கார்களை மோதவிட்டார்கள். 1998 டொயோட்டா கொரோலா ஒன்று, 2015 கொரோலா ஒன்று, இரண்டும் 64-ல். பழையதற்குக் கிடைத்த மதிப்பெண் 16-க்கு 0.40. புதியதற்கு 12.93. இதுதான் பழைய மாடலையும் புது மாடலையும் ஒப்பிடுகிற லட்சணம். டீக்கடையில் நாம் போடுகிற ஒப்பீட்டில் இந்த வரியே வருவதில்லை.

புதுசு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் அதை நம்ப முடியாதபடி செய்தார்கள். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சின்னக் கார்களைச் சோதித்தது. மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதே வருஷம் மாருதி ஸ்விஃப்டும் பூஜ்யம் வாங்கியது. ‘பார்த்தாயா, நான் சொன்னேனே தகரம் என்று’ என இதை எடுத்துக் காட்டுகிறவர்கள் போலோவின் கதையை முழுதாகப் படிக்க வேண்டும். போலோவின் கூண்டு அந்த மோதலைத் தாங்கி நின்றது. அடிப்படை மாடலில் ஏர்பேக் இல்லாததால்தான் பூஜ்யம். இரண்டு ஏர்பேக் வைத்து மறுபடி மோதவிட்டதும் அதே போலோ நான்கு நட்சத்திரம் வாங்கியது. தகடு மாறவில்லை. துணிப்பை இரண்டு கூடியது, அவ்வளவுதான்.

வெளிநாட்டுக்கு ஏர்பேக்கோடு போன கார் நமக்கு அது இல்லாமல் வந்தது ஏன்? நாம் கேட்கவில்லை. நாம் கேட்டது மைலேஜும் ‘ஸ்ட்ராங்கு பாடி’யும். வாங்குகிறவன் தகட்டைத் தட்டிப் பார்ப்பான் என்றால், விற்கிறவன் கூண்டுக்கும் ஏர்பேக்குக்கும் எதற்குக் காசு போடுவான்? நம்முடைய தப்பான அளவுகோல் அவர்களுக்கு லாபமாக இருந்தது. இந்த நம்பிக்கையின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி இதனால்தான்.

சட்டம் மெல்லத்தான் வந்தது. மோதல் சோதனை 2017 அக்டோபரில் புது மாடல்களுக்கும் அதற்கு இரண்டு வருஷம் கழித்து மற்றவற்றுக்கும் கட்டாயமானது. ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். நட்சத்திரம் கொடுக்கிற நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப் 2023-ல். இந்த வருஷங்களில் நடந்ததைப் பாருங்கள். 2018 டிசம்பரில் நெக்ஸான் குளோபல் என்கேப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியத் தயாரிப்பாயிற்று. 2014-ல் பூஜ்யம் வாங்கிய ஸ்விஃப்ட், புது மாடலாக 2018-ல் இரண்டு நட்சத்திரம் வாங்கியது, விதிகள் கடுமையான பின் 2022-ல் ஒன்றாக இறங்கியது. அந்தக் குடும்பத்தில் பிறந்த டிசையர், நம் ஊர் டாக்சிக்காரர்களின் சோறு அது, 2024 நவம்பரில் புது மாடலாக வந்து 34-க்கு 31.24 எடுத்து ஐந்து நட்சத்திரம் பெற்றது. ஆறு ஏர்பேக் எல்லா வகையிலும் உண்டு. அதே கம்பெனியின் ஆல்ட்டோ கே10, 2023 சோதனையில் இரண்டே நட்சத்திரம்தான் வாங்கியது. ஆகவே கேட்க வேண்டியது பழசா புதுசா என்றில்லை. இந்த மாடலை மோதவிட்டார்களா, கூண்டு நின்றதா, மோதிய பிறகு கதவு கையால் திறந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்தத் தகட்டு நம்பிக்கை பேச்சோடு நின்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நிற்பதில்லை. அய்யலூர் வண்டிக்கருப்பணசாமி கோயிலுக்குப் புது வண்டியைப் பூஜைக்குக் கொண்டுவருகிறவர்களைப் பார்க்கிறேன். சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, தேங்காய் சுற்றி உடைத்து, சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். வைக்கிற இடம் எதுவென்றால் வண்டி முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் கார்டு. ஷோரூமிலிருந்து எடுத்த அன்றே அதை மாட்டியாயிற்று. ‘பிளாஸ்டிக் பம்பர் தாங்காது’ என்பதால். அந்தக் கம்பி மோதலை நேராக சேசிஸுக்குக் கொண்டுபோகிறது. மடிய வேண்டிய மூக்கு ஒழுங்காக மடியாது, ஏர்பேக் விரிய வேண்டிய நேரமும் தவறலாம். வண்டி முன்னால் நடந்துபோகிறவன் அதில் பட்டால் அவன் பாடு சொல்ல வேண்டியதில்லை. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் இந்தக் கார்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது. பல பத்தாண்டு ஆராய்ச்சியை ஒரு வெல்டிங் ராடால் அழித்துப் புது வண்டியைப் பழைய வண்டியாக்கிக்கொள்கிறோம். சீட் கவர் கடைக்குப் போனால் அங்கே மிச்ச வேலை நடக்கிறது. பின்சீட்டு பெல்ட்டின் கொக்கியை ரெக்சினுக்குள் தைத்து மூடிவிடுகிறார்கள். சீட் ஓரத்தில் ஏர்பேக் என்று சின்னதாக எழுதியிருக்கும் துணிச்சீட்டின் மேலும் கவர் ஏறிவிடுகிறது.

சித்தப்பா மகன் போன வருஷம் தாமரைப்பாடி பக்கம் எதிர்த்திசையில் வந்த பைக்குக்கு ஒதுங்கப்போய் சென்டர் மீடியனின் முனையில் ஏறினான். வேகம் எழுபதுக்கு மேல். காரின் மூக்கு இருந்த இடமே தெரியவில்லை. ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது, ஒரு சக்கரம் பக்கவாட்டில் படுத்திருந்தது, பானெட் கூடாரம் மாதிரி மடிந்து நின்றது. அவன் கதவைத் திறந்து இறங்கி, மீடியன் அரளிச்செடி நிழலில் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் பண்ணினான். முழங்கையில் ஏர்பேக் உரசிய சிராய்ப்பு, தோளில் பெல்ட் பதிந்த கன்றல். இன்சூரன்சில் வண்டியை டோட்டல் லாஸ் என்று எழுதிவிட்டார்கள்.

பட்டறையில் வைத்து வண்டியைப் பார்க்கக் கூட்டம் கூடியது. “என்ன வண்டி இது! இப்படியா நசுங்கும்!” என்று ஒருவர் ஆரம்பித்தார். சித்தப்பா பதில் பேசவில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடித் துகளை மிதிக்காமல் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டிப் பார்த்தார், பெடல் வரை இடம் இருந்தது. ஸ்டியரிங்குக்கும் நெஞ்சுக்கும் நடுவில் கையை விரித்து அளந்தார். ஒரு சாண் தாண்டி இருந்தது. பிறகு கதவை இழுத்துச் சாத்தினார். ஷோரூமில் சாத்துவதுபோல அது ஒரே சத்தத்தில் பொருந்திச் சாத்திக்கொண்டது.