மீனுக்கு ஏது எடைக்கல்?



"மெக்கானிக்கல் படிக்கிற பையனுக்கு மீனைப் பத்தி என்ன எழுத்து வேண்டிக் கிடக்கு?" என்று தலைப்பைப் பார்த்ததும் கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு போகிறவர்களில் அடியேனும் ஒருவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2018 ஜூன் மாதம். கேரள எல்லைச் சோதனைச் சாவடிகளில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. வாளையாறு நமக்குக் கூப்பிடு தூரம். ஊரே மீனைக் கண்டு மிரண்டது. நாங்கள் வழக்கமாக வாங்கும் மீன்கார அம்மா, என் அம்மாவிடம் கேட்டார்: "ஏனுங்க்கா, எம்பட மீனுல மருந்தில்லீன்னு நான் எதைக் காட்டி உங்களை நம்ப வெக்கறது?" அம்மாவிடம் பதில் இல்லை. அன்று கோழிதான் வாங்கினோம்.

லேப்பில் கொடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும் என்பீர்கள். சரி, அந்த லேப் சொல்வது சரியென்று சோதிப்பது யார்?

நம் மெட்ராலஜி லேபில் மைக்ரோமீட்டரைச் சரிபார்க்க ஸ்லிப் கேஜ் இருக்கிறது. கணபதியில் உள்ள ஃபவுண்டரிகளுக்குப் போய்ப் பாருங்கள். வார்ப்பில் கார்பன் எவ்வளவு, சிலிக்கான் எவ்வளவு என்று ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்க்கும் முன், அளவு தெரிந்த ஸ்டாண்டர்ட் துண்டை வைத்துக் கருவியைச் சரிபார்ப்பார்கள். காய்கறிக் கடைத் தராசுக்கும் அரசு முத்திரை உண்டு. மீனுக்கு?

மீனுக்கும் உண்டு, நண்பர்களே! சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருள் என்று அதற்குப் பெயர். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் ஒரு சிறு சுறா வகையின் தசையைப் பொடியாக்கிப் பாட்டிலில் அடைத்து 'டார்ம்-2' என்று வெளியிட்டது. அதில் பாதரசம் கிலோவுக்கு 4.64 மில்லிகிராம், கூடக் குறைய 0.26 என்று சான்றிதழே சொன்னது. ஒரு லேப் அந்தப் பொடியைச் சோதித்து 2.3 என்று விடை சொன்னால், தப்பு மீனில் இல்லை, லேப்பில்!

"சுத்தமான பாதரசக் கரைசலை வைத்துச் சரிபார்த்தால் போதாதா?" போதாது. மீனை அமிலத்தில் கரைக்கும்போது பாதரசம் ஆவியாகிப் போகலாம். கரைசலை மட்டும் வைத்துப் பார்த்தால் கருவி சரியாகவே காட்டும்; நடுவில் தொலைந்தது தெரியவே தெரியாது. நம் நாட்டு விதிப்படி, பிற மீன்களை வேட்டையாடித் தின்னும் பெரிய மீன்கள் நீங்கலாக, மற்றவற்றில் கிலோவுக்கு அரை மில்லிகிராம் பாதரசமே உச்சவரம்பு. 0.8 உள்ள மீனில் பாதி தொலைந்தால் 0.4 என்று பாஸாகிவிடும்! ஜப்பானில் மினமாட்டா நோய் 1956-ல் வெளிப்பட்டதை மறந்துவிடலாமா? அவ்வளவு தூரம் எதற்கு? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடப்பட்டது. கொடை ஏரி மீன்களிலும் பாதரசம் இருப்பதை ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2006-ல் வெளியிட்டார்கள்.

தப்பு மறுபக்கமும் நடக்கும். சில கடல் மீன்கள் செத்தபின் அவற்றில் ஃபார்மால்டிஹைடு தானாகவே கொஞ்சம் உண்டாகும். அளவு தவறினால், மருந்தே போடாத வியாபாரி குற்றவாளி ஆவார்.

இந்தப் பொடியைச் செய்வது லேசுப்பட்ட காரியமல்ல. மீனை உறைய வைத்து உலர்த்தி, அரைத்து, சலித்து, எந்தப் பாட்டிலில் எடுத்தாலும் ஒரே அளவு இருக்கும்படி கலக்க வேண்டும். கெடாமல் எத்தனை காலம் இருக்கும் என்று பார்க்க வேண்டும். வெவ்வேறு முறைகளில் அளந்து விடைகள் ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சின்ன பாட்டிலுக்கே ஆயிரக்கணக்கில் செலவு. டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் 'பாரதிய நிர்தேஷக் திரவ்ய' என்ற பெயரில் நம் நாட்டு ஒப்பீட்டுப் பொருள்களை வெளியிடுகிறது. தங்கத்துக்குக் கூட இருக்கிறது. நாம் அன்றாடம் தின்னும் மத்திக்கும் அயிலைக்கும் நம்மவர்களே செய்து, சின்ன லேப்புகளுக்கும் கட்டுப்படியாகும் விலையில் தர வேண்டும் என்பது என் கருத்து. கொழுத்த மத்தியைச் சோதிக்க, சுறாவின் பொடி சரியான எடைக்கல் ஆகாது.

கடைசியாக ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன செமஸ்டரில் ஒரு எக்ஸ்பெரிமென்டில் எனக்கு வந்த ரீடிங் சீனியர் ரெக்கார்டோடு ஒத்துப்போகவில்லை. என்னுடையதை அழித்துவிட்டு அவருடையதை எழுதினேன். கையெழுத்தும் கிடைத்தது! சான்றிதழில் உள்ள விடையைப் பார்த்து ரீடிங் எழுதினால் எந்த எடைக்கல்லாலும் பயனில்லை. நாளைக்கு நம்மில் பலர் குவாலிட்டி கன்ட்ரோலில்தான் உட்காரப் போகிறோம். நாம் எழுதும் எண்ணை நம்பி ஒரு தாய் மீன் வாங்குவாள். ஒரு தாய் மீன் விற்பாள்.

ரப்பரைக் கீழே வைப்போமா, நண்பர்களே?

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்