வெந்நீர் மட்டும் ஏன் நூலாக வருகிறது?

பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது, வெந்நீரோ நூல் மாதிரி வருகிறது. உடனே "கீசர் போச்சு, புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். என்னைக் கேட்டால், காசை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள் மக்களே!

அந்த கீசரில் இருந்து வரும் எல்லாக் குழாயிலும் வெந்நீர் குறைவா? கோளாறு கீசர் பக்கம்தான். உள்ளே போகும் வால்வு பாதி மூடியிருக்கலாம், இல்லையென்றால் உப்பு அடைத்திருக்கலாம். ஒரே ஒரு குழாயில் மட்டும் என்றால் மிக்சரையோ ஆங்கிள் வால்வையோ பாருங்கள். இரண்டு தண்ணீருமே குறைவா? குழாய் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

வெந்நீர்ப் பக்கம் மட்டும் ஏன் அடிக்கடி அடைக்கிறது? போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், சூடானதும் வெள்ளையாகப் படிந்துவிடும். மாடித் தொட்டியில் இருந்து 10 மீட்டர் கீழே இறங்கினால்தான் சுமார் 1 பார் அழுத்தம். தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் மேல்மாடிக்கு வெறும் 0.3 பார். அங்கே சின்ன அடைப்பும் பெரிதாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: சூடாகும்போது கீசரின் பாதுகாப்பு வால்வு சொட்டினால் அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் வெளியேற வழியில்லாமல் தொட்டியே வெடிக்கலாம்.

பிளம்பரைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். ஆனால் எந்தக் குழாய், எந்தத் தண்ணீர், எப்போதிலிருந்து என்ற மூன்று கேள்விக்கும் பதிலோடு கூப்பிடுங்கள். பாவம், கீசர் தலையில் பழி விழாது!