அபூர்வ நாணயம் வாங்க நிபுணர் யோசனை: பலன் யாருக்கு?

காசு கொடுத்துப் பொருள் வாங்குவது உலக வழக்கம். காசு கொடுத்துக் காசையே வாங்குகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் இவர்கள் ஏராளம்.

1933ஆம் வருடத்து 20 டாலர் தங்க நாணயம் ஒன்று, 2021ல் நியூயார்க் நகரில் ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 88 லட்சம் டாலருக்குப் போயிற்று! அதே நாணயம் 2002ல் 75 லட்சத்து 90 ஆயிரம் டாலருக்கு விலை போயிருந்தது. 19 வருடத்தில் இரண்டரை மடங்கு.

இப்படி ஒரு செய்தி வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஓய்வு பெற்றவர்கள் சேமிப்பை எடுக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தில் பாதியை எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் எந்த நாணயத்தை வாங்குவது? அது அவர்களுக்குத் தெரியாது.

அங்கேதான் "நியூஸ் லெட்டர்" வருகிறது. சில பக்கங்கள் கொண்ட அச்சுத் தாள் அது. சந்தா கட்டினால் தபாலில் வரும். இப்போது கம்ப்யூட்டரிலும் வருகிறது. நாணய நிபுணர் ஒருவர் அதை எழுதுவார். "இந்த நாணயத்தை வாங்குங்கள், மூன்று வருடம் வைத்திருங்கள், விலை ஏறும்" என்பது போன்ற யோசனைகள் அதில் இருக்கும்.

அதைக் கேட்டு வாங்கியவர்களுக்கு லாபம் கிடைத்ததா? இதுதான் கேள்வி.

50 டாலர் பரிசு!

யோசனை விற்கும் தொழில் அங்கே புதிது அல்ல. டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் வொர்த் என்று ஒரு நகரம். அங்கே பி. மாக்ஸ் மெல் என்ற நாணய வியாபாரி இருந்தார். மகா கெட்டிக்காரர். 1930களில் அவர் நாடு முழுவதும் பத்திரிகைகளில் விளம்பரம் செய்தார். ரேடியோவிலும் செய்தார்.

"1913ஆம் வருடம் போட்ட, சுதந்திர தேவி தலை உள்ள 5 சென்ட் காசு இருக்கிறதா? கொண்டு வாருங்கள். 50 டாலர் தருகிறேன்!" இதுதான் விளம்பரத்தின் சாரம்.

நாடே காசைப் புரட்டிப் பார்த்தது. டிராம் கண்டக்டர்கள் பையில் விழுந்த சில்லறையை ஒவ்வொன்றாகப் பார்த்ததால் வண்டிகள் தாமதமாயின என்று கூடக் கதை சொல்வார்கள்.

ஒருவருக்கும் அந்தக் காசு கிடைக்கவில்லை. எப்படிக் கிடைக்கும்? உலகத்திலேயே அந்தக் காசு 5தான் உண்டு. அந்த ஐந்தும் கர்னல் கிரீன் என்ற பெரிய பணக்காரரிடம் இருந்தன. 1936ல் அவர் இறந்த பிறகே அவை கை மாறின.

ஆனால் மெல் நஷ்டப்படவில்லை. எந்தக் காசுக்கு என்ன விலை என்று சொல்லும் புத்தகம் ஒன்றை அவர் விற்றார். அது ஏராளமாக விற்றது. மெல் மோசடிக்காரர் அல்ல. நல்ல காசு கொண்டு வந்தவர்களுக்கு நல்ல விலை கொடுத்தவர்தான். காசு தேடியவர்களைவிட, காசு தேடச் சொன்னவர் அதிகம் சம்பாதித்தார் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

2 டாலர் 1,200 ஆன கதை

அடுத்த கதை 1950ஆம் வருடத்து 5 சென்ட் காசு. அந்த வருடம் டென்வர் நகர நாணயச் சாலை 26 லட்சத்து 30 ஆயிரம் காசுகளே அடித்தது. அமெரிக்கக் கணக்குக்கு இது மிகவும் குறைவு. "இது அபூர்வக் காசு, வாங்கி வையுங்கள்" என்று பேச்சு கிளம்பியது.

40 காசு சேர்ந்தது ஒரு சுருள். வங்கியில் அதன் விலை 2 டாலர். சுருள் சுருளாக வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். நாணயப் பத்திரிகைகளும் விலைத்தாள்களும் வாராவாரம் விலையை ஏற்றிச் சொல்லின. 1964 வாக்கில் ஒரு சுருள் சுமார் 1,200 டாலர் ஆயிற்று. அதாவது 5 சென்ட் காசு ஒன்று 30 டாலர்!

பிறகு விலை சரிந்தது. காரணம் சுலபம். எல்லாரும் அதைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் எடுத்து வைத்த பொருள் அபூர்வப் பொருளாக இருக்க முடியுமா? இன்றும் அந்தக் காசைப் புதுக்கருக்கு அழியாமல் 30 டாலருக்குக் குறைவாக வாங்கலாம். அறுபது வருடம் ஓடிவிட்டது. மற்ற சாமான்களின் விலையெல்லாம் எத்தனையோ மடங்கு ஏறிவிட்டது. 1964ல் வாங்கியவர் முதலையே இன்னும் மீட்கவில்லை.

யோசனையே விலையை ஏற்றும்

பெரிய கம்பெனியின் பங்கு லட்சக்கணக்கில் இருக்கும். பத்தாயிரம் பேர் ஒரே நாளில் வாங்கினாலும் தாங்கும். அபூர்வ நாணயம் அப்படி அல்ல. ஒரு கடிதத்துக்கு 2,000 சந்தாதாரர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் சிபாரிசு செய்த நாணயம் சந்தையில் 200தான் இருக்கிறது. கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே விலை துள்ளும். முதலில் வாங்கியவர் தப்பினார். ஐந்நூறாவது ஆள் ஏறிய விலைக்கு வாங்குவார்.

நிபுணரின் யோசனை பலித்தது போலவே தோன்றும். "சொன்னேன் அல்லவா, விலை ஏறிவிட்டது!" என்று அடுத்த கடிதத்தில் எழுதலாம். ஏற்றியது அவர் கடிதம்தான்.

அந்த 200 நாணயங்களில் எத்தனை ஏற்கெனவே எழுதியவரின் அலமாரியில் இருந்தன என்பது இன்னொரு கேள்வி. நாணயக் கடிதம் எழுதியவர்களில் வியாபாரிகளும் உண்டு. ஒரு விதத்தில் அது இயல்புதான். நாணயத்தை நன்றாக அறிந்தவர் வேறு யார்? ஆனால் கடைக்காரரே தன் கடைச் சரக்கைப் பற்றி யோசனை சொல்லும்போது கேட்பவர் சற்று நிதானிக்க வேண்டாமா?

வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. நகை வாங்கியவர்களுக்கு இது தெரியும். செய்கூலியும் சேதாரமும் கொடுத்து வாங்குகிறோம். திரும்ப விற்கப் போனால் அவை வருவதில்லை. நாணயத்திலும் அதே கதை. 100 டாலர் கொடுத்து வாங்கிய நாணயத்தை வியாபாரி 75 டாலருக்குத்தான் திரும்ப எடுப்பார் என்றால், விலை மூன்றில் ஒரு பங்கு ஏறினால்தான் போட்ட பணம் கைக்கு வரும். அதற்கு மேல் ஏறுவதே லாபம். சந்தாவையும் அதில் கழிக்க வேண்டும். ஏலத்தில் வாங்கினாலோ, கேட்ட விலைக்கு மேல் சுமார் 20 சதவீதம் ஏலக் கம்பெனிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது.

1989ல் வந்த அடி

இவை போதாதென்று தரப் பிரச்சினை ஒன்று உண்டு. நாணயத்தின் தரத்துக்கு 1 முதல் 70 வரை மார்க் போடுகிறார்கள். 1949ல் வில்லியம் ஷெல்டன் என்பவர் கொண்டு வந்த முறை இது. 63 மார்க் நாணயத்துக்கும் 65 மார்க் நாணயத்துக்கும் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. விலையில் மட்டும் பல மடங்கு வித்தியாசம் இருக்கும். முன்பெல்லாம் மார்க் போட்டது யார்? விற்கிறவரேதான்!

1986ல் பி.சி.ஜி.எஸ். என்ற கம்பெனி தொடங்கியது. நாணயத்தைச் சோதித்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரை வைத்தது. அடுத்த வருடம் என்.ஜி.சி. என்று இன்னொன்று வந்தது. நல்ல ஏற்பாடுதான். "இனி நாணயமும் பங்குப் பத்திரம் மாதிரி, பார்க்காமலே வாங்கலாம்" என்று எழுதினார்கள். பெரிய பணம் சந்தைக்குள் பாய்ந்தது.

சாலமன் பிரதர்ஸ் என்ற பிரபல நிதி நிறுவனமும் வருடா வருடம் ஒரு கணக்கு வெளியிட்டு வந்தது. பங்கு, தங்கம், நாணயம் இவற்றில் எது அதிகம் ஏறியது என்ற கணக்கு. நாணயம் பல தடவை மேலே நின்றது. ஆனால் அது பொறுக்கி எடுத்த 20 நாணயங்களின் கணக்கு. அந்தக் கணக்கைக் காட்டி வேறு நாணயங்களை டெலிபோனில் விற்றவர்கள் இருந்தார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தகக் கமிஷன், ஏமாற்றிய நாணய வியாபாரிகள் சிலர் மீது வழக்குத் தொடர்ந்தது.

1989 மத்தியில் விலை உச்சிக்குப் போயிற்று. பிறகு விழுந்தது. மார்க் போட்ட நாணயங்கள் மேலும் மேலும் வந்து குவிந்தன. அபூர்வம் என்று நினைத்தவை அவ்வளவு அபூர்வம் அல்ல என்று வெளிச்சமாயிற்று. 1989 விலையை இன்றுவரை எட்டாத நாணயங்கள் பல.

பெரிய நிபுணர்களும் தப்பவில்லை. மெரில் லிஞ்ச் கம்பெனி 1980களில் பழங்கால நாணயங்களுக்கென்று முதலீட்டு நிதி திரட்டியது. நாணயங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு புரூஸ் மெக்னால் என்ற பிரசித்தி பெற்ற நாணய வியாபாரியிடம் இருந்தது. நிதி நஷ்டப்பட்டது. 1994ல் மெக்னால், வங்கிகளை ஏமாற்றியதாக வேறு ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சிறைக்கும் போனார்.

பங்கு மார்க்கெட்டுக்கு யோசனை சொல்லும் கடிதங்களை ஜான் கிரஹாம், காம்ப்பெல் ஹார்வி என்ற இரண்டு பேராசிரியர்கள் ஆராய்ந்தார்கள். 1980 முதல் 1992 வரை வந்த 237 கடிதங்களின் யோசனைகள். எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்று முன்கூட்டிச் சொல்லும் திறமை அவற்றில் காணப்படவில்லை என்பது முடிவு. பங்கு விலை தினமும் அச்சில் வருகிறது. அங்கேயே இந்த நிலை என்றால், விலையே தெளிவாகத் தெரியாத நாணயத்தில் ஆருடம் பலிப்பது எப்படி?

உதவிய கடிதம்

எல்லாக் கடிதமும் வீண் என்று தள்ளிவிடக் கூடாது. 1963ல் ஆரம்பித்த ஒரு விலைத்தாள், வியாபாரிகள் தங்களுக்குள் என்ன விலைக்கு வாங்குகிறார்கள், விற்கிறார்கள் என்று அச்சிட்டது. சாம்பல் நிறத் தாள். பெயரே "சாம்பல் தாள்" என்று ஆகிவிட்டது. "வாங்கு, விற்காதே" என்று சொல்வது அதன் வேலை அல்ல. விலையைச் சொன்னது. கடையில் 500 டாலர் கேட்ட நாணயம் வியாபாரிகளுக்குள் 300 டாலருக்குப் போகிறது என்று தெரிந்தால், வாங்குகிறவர் பேரம் பேசலாம். எழுந்து வந்தும் விடலாம்.

ஜான் பிட்மன் என்பவர் கோடாக் கம்பெனியில் ரசாயன என்ஜினீயர். சம்பளக்காரர்தான். நாணயங்களைத் தாமே படித்துத் தேர்ந்தவர். 1954ல் எகிப்து மன்னர் பரூக்கின் நாணயங்கள் கெய்ரோவில் ஏலத்துக்கு வந்தன. பிட்மன் வீட்டை அடமானம் வைத்துவிட்டு விமானம் ஏறினார். எந்த நாணயம் உண்மையிலேயே அபூர்வம், எதை மற்றவர்கள் கவனிக்காமல் விடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாங்கியதை அவசரப்பட்டு விற்கவும் இல்லை. 1996ல் இறந்தார். அவர் சேர்த்தவை 1997 முதல் 1999 வரை மூன்று ஏலங்களில் 3 கோடி டாலருக்கு மேல் போயின. வீட்டை அடமானம் வைத்ததை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

இப்போது ஏலத்தில் போன விலைகளைக் கம்ப்யூட்டரில் செலவில்லாமலே பார்க்கலாம். விலை தெரிந்துகொள்ளச் சந்தா கட்டும் காலம் பெரும்பாலும் போய்விட்டது. ஆகவே இன்று சந்தா கேட்கும் கடிதத்தில் மிஞ்சி நிற்பது பெரும்பாலும் ஆருடமே.

அந்த ஆருடத்தை உலகத்தின் உயர்ந்த நாணயங்களே பொய்யாக்கியிருக்கின்றன. மெல் தேடச் சொன்ன 1913ஆம் வருடத்து 5 சென்ட் காசுகளில் ஒன்று, 2007ல் 50 லட்சம் டாலருக்கு விற்றது. 2018ல் 45 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குத்தான் போயிற்று. 1794ஆம் வருடத்து வெள்ளி டாலர் ஒன்று 2013ல் 1 கோடி டாலருக்குச் சற்று அதிகமாக விலை போனது. 2020ல் மறுபடி ஏலத்துக்கு வந்தபோது, குறித்த குறைந்தபட்ச விலையை யாரும் கேட்கவில்லை. 2022ல் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றார்கள். 9 வருடத்தில் கிடைத்தது, கூட்டிக் கழித்துப் பார்த்தால், வருடத்துக்கு 2 சதவீதம்.